தலைகீழாக விழுந்த இரட்டைக் கிண்ணம்

பிழையை ஹரிராம் பார்த்தபோது மணி பதினொன்று பத்து. வியாழக்கிழமை. பதினொன்றரைக்கு மெஷின் ஓடியாக வேண்டும்.

பதினாறாம் பக்கத்தின் பிழைதிருத்தப் புரூஃப் மை காயாமல் அவன் மேஜையில் கிடந்தது. பக்கத்தின் நடுவே ஒரு சீட்டின் படம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு கிண்ணத்தை நீட்டுகிற படம். இருவரும் இப்போது தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர் சுருளி படத்தின் உலோகப் பிளாக்கைத் திருப்பிப் பொருத்தியிருந்தான்.

வேறு பக்கத்தில் ஒரு படம் இப்படி விழுந்திருந்தால் வாசகர்கள் சிரித்துவிட்டுப் புரட்டிவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் அப்படி இல்லை. இங்கே படம்தான் பதில்.

‘கூடல் மின்னல்’ வார இதழில் எட்டு மாதமாக வருகிறது, ‘சுகந்தி அக்காவின் சீட்டுக்கட்டு’. வாசகர்கள் தங்கள் கவலையை எழுதி, கூடவே ஒன்றிலிருந்து எழுபத்தெட்டுக்குள் ஓர் எண்ணையும் எழுதி அனுப்புவார்கள். அக்கா சீட்டைக் கலைத்து, அந்த எண் வரைக்கும் எண்ணி, வந்ததை அச்சில் போடுவாள். படத்துக்கு அடியில் இரண்டு பலன்கள் இருக்கும். சீட்டு நேராக வந்திருந்தால் ஒன்று. தலைகீழாக வந்திருந்தால் அதற்கு நேர் எதிரான இன்னொன்று. படம் எப்படி நிற்கிறதென்று பார்த்து வாசகர் தன் பலனைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுகந்தி அக்கா என்று ஒருத்தி கிடையாது. ஹரிராம்தான் அவள். புது மண்டபத்துப் பழைய புத்தகக் கடையில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் தள்ளிவிட்டுப் போன ஜோசியச் சீட்டுக்கட்டையும் விளக்கப் புத்தகத்தையும் ஆசிரியர் வாங்கி வந்து அவனிடம் தந்திருந்தார். “பொம்பளை பேர்ல எழுதுங்கய்யா. அப்பத்தான் பொம்பளைங்க மனசைத் திறப்பாங்க.”

திறந்தார்கள். அதில் ஒருத்தி செக்கானூரணி முத்துத்தாய்.

பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருப்பவள். கட்டியவனோடு ஊர்க்கூட்டத்தில் தீர்த்துக்கொண்டு பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. முதல் கடிதத்துக்குப் பத்திரிகையில் இடம் கிடைக்கவில்லை என்று ஹரிராம் ஓர் இன்லண்டில் தனியாகப் பதில் போட்டான். அது வழக்கமில்லை. அவள் மறுபடி எழுதினாள். அவனும் எழுதினான். ஏழு கடிதங்கள். ஊரெல்லாம் அக்காவிடம் தன் கவலையைத்தான் சொல்லும். முத்துத்தாய் மட்டும் கடைசி வரியில் கேட்பாள்: ‘நீங்க சாப்புட்டீங்களா அக்கா?’

அந்தக் கேள்வியை அவனிடம் கேட்க ஆள் இருந்து நாலு வருஷம் ஆயிற்று. வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் ஒற்றை அறை. அம்மா போனபிறகு வீட்டில் சௌராஷ்டிரம் பேச யாருமில்லை. சில சமயம் பால்காரரிடம் ஒரு வார்த்தை. முப்பத்தொன்பது வயதில் அவனுடைய தாய்மொழி அரை லிட்டர் பாலோடு முடிந்துபோகிற மொழியாகியிருந்தது.

எட்டாவது கடிதம் போன வாரம் வந்தது. ‘அக்கா, கருத்தக்கண்ணன்னு ஒருத்தர் என்னைக் கேக்குறார். பஸ் டிரைவர். ஞாயித்துக்கெழம எங்க அண்ணன் வீட்டுக்குப் பேச வாராங்க. அதுக்குள்ள நான் சொல்லணும். எனக்கு அவர் மேல ஆசைதான். ஆனா முதல்ல கட்டினவருக்கு நான் சோறாக்குற ஆளாத்தான் இருந்தேன். இவருக்கும் அப்படித்தானா? இல்ல எனக்கு இருக்கிற மாதிரியே அவருக்கும் இருக்கா? அது தெரிஞ்சாப் போதும். எண் முப்பத்தெட்டு.’

ஹரிராம் கலைத்தான். எண்ணினான். முப்பத்தெட்டாவது சீட்டு இரட்டைக் கிண்ணம். நேராக வந்தது.

மனசுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. ஆனாலும் நாணயமாகத்தான் எழுதினான். ‘நேராக வந்தால்: சம அன்பு. ஒருவர் கொடுக்க ஒருவர் வாங்குவதல்ல. இருவரும் ஒரே சமயத்தில் நீட்டுவது. துணிந்து கைகொடு. தலைகீழாக வந்தால்: எதிரே இருக்கும் கிண்ணம் காலி. நீ ஊற்றுவது மண்ணில் போகிறது. விலகிக்கொள்.’

“என்னண்ணே, புரூஃபுக்குத் தாலாட்டா பாடுறீங்க?” சுருளி வாசலில் நின்றான். “மெஷின்மேன் அங்க என் தலைய உருட்டுறான்.”

சிவப்பு மைப் பேனா ஹரிராமின் கையில் இருந்தது. ஒரு வட்டம் போட்டு ஓரத்தில் ‘திருப்பு’ என்று எழுதினால் போதும். அரை நிமிஷ வேலை.

“ஏதும் தப்பு இருக்கா?”

“இல்ல” என்றான் ஹரிராம். கையெழுத்துப் போட்டான்.

வெள்ளிக்கிழமை இதழ் வெளியூர்க் கடைகளில் தொங்கியது. அன்று முழுக்க அவன் யாரோடும் பேசவில்லை. பேசவில்லை என்பதை யாரும் கவனிக்கவும் இல்லை.

சனிக்கிழமை காலை அவன் பெரியார் பஸ் நிலையத்தில் நின்றான். எதற்கு என்று அவனுக்கே தெளிவாகத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லவா? இல்லை, அவள் முகத்தை ஒருதரம் பார்க்கவா? செக்கானூரணி வழியாகப் போகிற உசிலம்பட்டி பஸ் வந்தது. ஏறிவிட்டான்.

சனிக்கிழமையிலும் பள்ளிக்கூடம் இருந்தது. அதை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரி இருளாயி அவனுடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தாள்.

“ஏத்தா முத்து! யாரோ ஆபீசரு வந்துருக்காரு. அரிசிய அளந்து காட்டு!”

முத்துத்தாய் வந்தாள். அவன் மனசில் வைத்திருந்த முகம் இல்லை. இன்னும் கறுப்பு, இன்னும் உயரம். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கண்கள் அழுது வீங்கியிருந்தன.

“நான் ஆபீசர் இல்லீங்க. ‘கூடல் மின்னல்’ல இருந்து வாரேன்.”

அந்த வீங்கிய கண்கள் அப்படியே மலர்ந்தன. “சுகந்தி அக்கா அனுப்புனாங்களா? அவுங்களுக்கு மேலுக்கு ஒண்ணும் இல்லையே? ரெண்டு வாரமாக் கடுதாசியைக் காணோம்.”

“நல்லாருக்காங்க” என்றான். “நேத்து வந்த புஸ்தகத்தைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன் சார். அவருகிட்ட வேணாம்னு நேத்துச் சாயங்காலமே சொல்லிட்டேன்.”

முடிந்துபோயிற்று. அவன் ஒன்றும் செய்ய வேண்டியதே இல்லை. அக்கா நலம் விசாரிக்கச் சொன்னாள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், திங்கட்கிழமை அவள் கடிதம் வரும். அதற்கடுத்த வாரமும் வரும்.

அவள் உள்ளே திரும்பி ஓர் எவர்சில்வர் டம்ளரில் மோர் கொண்டுவந்து நீட்டினாள். “வெயில்ல வந்துருக்கீங்க. சாப்புட்டீங்களா?”

அந்தக் கேள்விதான் அவனைக் கவிழ்த்தது.

“அந்தப் படம் தப்பா அச்சாயிருச்சுங்க” என்றான். “பிளாக்கைத் தலைகீழா வச்சுட்டாங்க. உங்க சீட்டு நேராத்தான் வந்துச்சு.”

முதலில் வாயைத் திறந்தது இருளாயிதான்.

“ஏய்யா, ஒங்க மிசினு குப்புற விழுந்தா எங்க புள்ள பொழப்பும் குப்புற விழணுமா? இவ நேத்துப் பிடிச்சு ஒரு பருக்கை திங்கலய்யா!”

“நெசமாவா சார்?” முத்துத்தாய் ஓர் அடி முன்னால் வந்தாள். “அப்ப எழுதிக் குடுங்க. பன்னெண்டரை வண்டிக்கு அவரு மதுரை போவாரு. வாயால சொன்னா மறுபடியும் மாத்திப் பேசுறாளேம்பாரு.”

உள்ளேயிருந்து இதழை எடுத்துவந்தாள். பதினாறாம் பக்கம். ஹரிராம் பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினான்: ‘படம் தவறாக அச்சாகிவிட்டது. சீட்டு நேராகவே வந்தது.’

அவள் வாங்கிப் படித்தாள். மறுபடி படித்தாள். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

“இருளாயிக்கா, சாம்பார் அடிப் பிடிக்குது பாருங்க.”

“அதெல்லாம் பிடிக்கல.”

“போய்ப் பாருங்கன்னேன்.”

இருளாயி முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

“இது அக்கா எழுத்து” என்றாள் முத்துத்தாய்.

அவன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான்.

“அக்கான்னு யாரும் இல்லையா?”

“இல்லீங்க.”

“நான் எழுதுனது... அந்தாளு என்னை அடிச்சது, நான் கிணத்துல விழப் போயிட்டுத் திரும்பி வந்தது... எல்லாம் நீங்களா படிச்சீங்க?”

“நான் மட்டும்தான். வேற யார்கிட்டயும் காட்டல.”

“அங்க உங்களுக்கு என்ன வேலை?”

“புரூஃப் பாக்குறது. அச்சாகுறதுக்கு முன்னாடி தப்பு இருக்கான்னு பார்க்கணும்.”

“அப்ப இதையும் பார்த்திருப்பீங்கள்ல?”

பொய் சொல்ல இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. பார்க்கத் தவறிவிட்டேன் என்று சொல்லலாம். பிழை எல்லாருக்கும் வரும்.

“பார்த்தேன்” என்றான். “பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையிலேயே அவள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. கத்தியிருக்கலாம். அறைந்திருக்கலாம். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

“எனக்குக் கூடப் பிறந்தது அண்ணன் மட்டும்தான் சார். ஒரு அக்கா கிடைச்சான்னு இருந்தேன். கல்யாணத்தன்னைக்கு அவளைப் பக்கத்துல உக்கார வச்சுக்கணும்னு நெனச்சேன். இப்ப அவ செத்துப்போன மாதிரி இருக்கு.”

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. அவள் இதழைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். ஹரிராம் மோர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் பின்னால் போனான். மதுரைக்குத் திரும்ப அவனுக்கும் அந்த பஸ்தான்.

ஓட்டுநர் ஜன்னலில் கருத்தக்கண்ணனின் முகம் கடுகடுவென்று இருந்தது. சவரம் செய்யவில்லை. முத்துத்தாய் கீழே நின்று இதழை உயர்த்திக் காட்டினாள்.

“இந்தா, படம் தலைகீழா அச்சாயிருச்சாம்யா. நான் சொன்னது தப்பு.”

“எந்தப் படம்?”

“சீட்டுப் படம். அதப் பார்த்துத்தான் வேணாம்னேன்.”

கருத்தக்கண்ணன் இதழைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “படத்தையா? ஏன் புள்ள, எங்கிட்ட என்ன குறையக் கண்டாளோன்னு நான் விடிய விடிய முழிச்சுக் கெடக்கேன். நீ படம் பார்த்தியா?”

“டிரைவரே, பஞ்சாயத்தப் பெறகு வச்சுக்கப்பா! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!” பின்னாலிருந்து ஒரு பெரியவர் சத்தம் போட்டார்.

“அண்ணே, டைம் ஆச்சு” என்றான் கண்டக்டர் காளை, விசிலை வாயில் வைத்துக்கொண்டு.

முத்துத்தாய் இதழைக் கீழே இறக்கினாள். பஸ்ஸில் இருந்த அறுபது பேரும் அவளையே பார்த்தார்கள்.

“சரி, படம் வேணாம். நீயே சொல்லு. எனக்கு உன் மேல இருக்கிற மாதிரி உனக்கு இருக்கா, இல்லையா?”

“இம்புட்டுப் பேரு முன்னாடியா கேப்ப?”

“ஆமா.”

கருத்தக்கண்ணன் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான். ஆஸ்பத்திரிப் பெரியவர்கூட வாயை மூடிக்கொண்டார்.

“உனக்கு எம்புட்டு இருக்கோ, அம்புட்டு” என்றான்.

பஸ் கொள்ளாமல் சிரிப்பு. காளை விசிலை ஒருமுறை ஊதவேண்டிய இடத்தில் நாலு முறை ஊதினான். முத்துத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். விளக்கப் புத்தகத்தில் அந்தச் சீட்டுக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தார்கள். அதை ஹரிராம் இரண்டு வரியாகச் சுருக்கியிருந்தான். இந்த மனிதனுக்கு நாலைந்து வார்த்தை போதுமாயிருந்தது.

“இவரு யாரு?” கருத்தக்கண்ணன் ஹரிராமைக் காட்டிக் கேட்டான்.

ஹரிராம் ஓர் எட்டு பின்வாங்கினான். இப்போது சொல்லப்போகிறாள்.

“பத்திரிகை ஆபீஸ் ஆளு” என்றாள் முத்துத்தாய். “தப்பைத் திருத்தணும்னு மெனக்கெட்டு வந்துருக்காரு. கூட்டிட்டுப் போ.”

அவ்வளவுதான் சொன்னாள். சுருட்டிய இதழை ஹரிராமின் கையில் திணித்தாள். “இனிமே எனக்கு எழுத வேணாம்” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில். பிறகு திரும்பிப் பார்க்காமல் கொட்டகையை நோக்கி நடந்தாள்.

கருத்தக்கண்ணன் அவனை முன்னால், இன்ஜின் பெட்டியை ஒட்டிய இருக்கையில் உட்கார வைத்தான். காளையிடம் டிக்கெட் போட வேண்டாம் என்றான். ஹரிராம் பிடிவாதமாக டிக்கெட் வாங்கிக்கொண்டான்.

நாகமலைவரைக்கும் அந்த ஆள் பேச்சை நிறுத்தவேயில்லை. ஹாரனை வேண்டாத இடத்திலெல்லாம் அடித்தான். எதிரே வந்த மாட்டு வண்டிக்காரனுக்குக்கூடக் கையைக் காட்டினான்.

“அண்ணே, நீங்க மட்டும் வரலைன்னா எங்க கதை நேத்தோட முடிஞ்சிருக்கும். எந்த ஆபீஸ்ல இப்படி ஆளத் தேடி வந்து தப்பைச் சொல்றான்? நாளைக்கு வந்துருங்கண்ணே. அந்த அக்காவாமே, அவுங்களையும் கூட்டிட்டு வாங்க. முத்து பேச்சுக்குப் பேச்சு அவுங்களைத்தான் சொல்லும்.”

“அவுங்க வரமாட்டாங்க.”

“ஏண்ணே, வீட்டுக்காரர் விடமாட்டாரா?”

“வீட்டுக்காரர் யாரும் இல்ல. தனி ஆளு.”

கருத்தக்கண்ணன் கியரை மாற்றிக்கொண்டே உச்சுக்கொட்டினான். “பாவம்ணே. ஊருக்கெல்லாம் சீட்டு எடுத்துப் பார்க்குறாங்க. அவுங்களுக்குன்னு ஒண்ணு எடுத்துப் பார்த்துக்கக் கூடாதா?”

ஹரிராம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கேட்டவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டான். அதுதான் தாங்கவில்லை.

“காளவாசல் தாண்டிட்டோம். நீங்க எங்க இறங்கணும்?”

“பெரியார்” என்று சொல்ல வாய் திறந்தவன், “இங்கேயே, அரசரடியில” என்றான்.

“அட, இங்கயா வேலை? சரிண்ணே, வாரேன். நாளைக்கு மறந்துறாதீங்க!”

பஸ் இரண்டு ஹாரன் கொடுத்துவிட்டுப் போனது. ஹரிராம் கையிலிருந்த இதழை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தெப்பக்குளத்துக்கு இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் இருந்தது. வெயில் கொளுத்தியது. அவன் நடந்தே போனான். சீக்கிரம் போய்ச் சேர்ந்து செய்ய அங்கே ஒன்றும் இல்லை.