ஒடுக்கு விழுந்த வாக்கியம்

எஸ்.எஸ்.எல்.சி.யில் எனக்குப் போன பாடம் இங்கிலீஷ் ஒன்றுதான். எழுபத்தெட்டில் கல்யாணமாகிச் செந்துறையிலிருந்து அரியலூர் வந்ததும் அவரே சொன்னார்: “மலரு, அதையும் எழுதி முடிச்சிடு. நான் சொல்லித் தரேன்.” ஆபீஸ் விட்டு வந்து தினமும் ஐந்து சொல் கொடுப்பார். நான் வாக்கியம் எழுத வேண்டும்.

அன்றைக்கு வந்த சொல் ‘ஆப்ரஸ்.’ அகராதியில் ‘ஒடுக்கு’ என்று போட்டிருந்தது. காலையில்தான் பக்கத்து வீட்டுத் தனம் என் பித்தளைக் குடத்தை அடிபம்பில் இடித்து ஒடுக்கியிருந்தாள். ‘தனம் ஆப்ரஸ்டு மை பாட்’ என்று எழுதினேன்.

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “பாத்திரத்துக்கு வராதுடி அது. வலுத்தவன் எளியவன அமுக்கி வைக்கிறான் பாரு, அதுக்கு வரும். துக்கம், புழுக்கம், எது மனசப் போட்டு அமுக்கினாலும் வரும்.”

ஞாயிற்றுக்கிழமை அவருடைய சிநேகிதர் நடராசன் வந்தார். காபியோடு போனேன்.

“என்னா தங்கச்சி, குடத்துக்கு விடுதலை கெடச்சிதா?”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே வந்து புத்தகத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளினேன். பரீட்சைக்கு இருபது நாள் இருந்தது. போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அவர் அடித்ததில்லை, வைததில்லை. அப்படிப்பட்டவரிடம் எதைக் குற்றம் என்று சொல்வது?

மறுநாள், “வாக்கியம் எங்க?” என்று கேட்டார். நோட்டை எடுத்து, பழைய சொல்லையே வைத்து எழுதிக் கொடுத்தேன்: ‘யுவர் லாஃப் ஆப்ரஸஸ் மீ.’

“லாஃப் இல்ல, லாஃப்டர்” என்று சிவப்பு மையில் திருத்தினார். பேனாவை மூடப் போனவர் இன்னொரு முறை படித்தார். மூடவில்லை.

“இதத் தமிழ்லயே சொல்லியிருக்கலாமே?”

“தமிழ்ல அழுவதாங்க வருது.”

“நேத்து நீயும்தானே சிரிச்ச?”

“நீங்க சிரிச்சீங்க. அதான்.”

“நடராசன்கிட்ட நான் சொல்லியிருக்கக் கூடாது” என்றார் மெதுவாக. பிறகு, “பரீட்சைக்குப் போவே, இல்ல?”

அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தேன்.

“அடுத்த சொல்லக் குடுங்க.”

அவர் அகராதியைப் புரட்டினார். எந்தச் சொல்லைக் கொடுப்பது என்று அவர் தயங்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.