கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம்

என் வீட்டுக்காரருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. திருவண்ணாமலைக்கும் திண்டிவனத்துக்கும் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்தே தலை நரைத்தவர். ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகும், காபி வேண்டுமென்றால் கடைசி சீட்டு ஆளிடம் டிக்கெட் கேட்கிற மாதிரிதான் கேட்பார். மெதுவாகப் பேசுங்கள், ஊரே கேட்கிறது என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது.

என் கண்ணில்தான் முதலில் பட்டது. தண்ணீர் குடிக்கும்போது கழுத்தில் ஏதோ ஏறி இறங்கியது. கொழுப்பு என்றார். உங்கள் கொழுப்பு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும், கிளம்புங்கள் என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் கவிநிலா சின்ன வயசுக்காரி, ஆனால் பொறுமைசாலி. தைராய்டு கட்டி, விட்டால் மூச்சுக்குழலை அழுத்தும், எடுத்தே ஆகவேண்டும் என்றாள். கட்டியை ஒட்டியே குரலுக்கான நரம்பு ஓடுகிறது, ஜாக்கிரதையாகத்தான் செய்வோம், இருந்தாலும் குரல் பழையபடி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னாள்.

வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினதும் சொன்னார்.

"கட்டி அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது. குரல் போச்சுன்னா அப்புறம் நான் இன்னாத்துக்கு?"

எனக்கு வந்ததே கோபம். மூச்சு நின்றுபோன பிறகு குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், ஊறுகாய் போடுவீர்களா என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். ஆடி மாசம் வேண்டாம் என்றார். ஆவணியில் முகூர்த்தம் நிறைய, நாலு கல்யாணத்துக்குப் போகவேண்டும் என்றார். சென்னையில் இருக்கிற எங்கள் பெண் நந்தினியை வரவழைத்து, நானே நாள் குறித்தேன். ஆகவே குரல் போனால் பழி என் தலையில்தான்.

ஆபரேஷனுக்கு முதல் நாளே வார்டில் சேர்த்துவிட்டார்கள். ஜன்னலில் மலை தெரிந்தது. அவர் மலையைப் பார்த்துக்கொண்டே என்னென்னவோ பேசினார். கீழ்பென்னாத்தூர் தாண்டினால் மலை வேறு மாதிரி தெரியுமாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டி கோழிக்கு டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று செஞ்சி வரைக்கும் சண்டை போட்டதாம். நல்ல குரலில் கடைசியாக என்ன பேசுவது என்று யோசிக்கிறேன் என்றார். என்னைத் திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டிவிடுங்கள் என்றேன். ஒன்றும் தோன்றவில்லை என்றார். பக்கத்துக் கட்டில்காரர் தூங்க முடியாமல் புரண்டு படுத்தார். நான் அன்றைக்கு மட்டும் மெதுவாகப் பேசச் சொல்லவில்லை.

காலையில் ஸ்ட்ரெச்சர் வந்தது. நர்ஸ் என்னிடம் பேஷண்ட் பெயர் கேட்டாள். எனக்குப் புருஷன் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை. அட்டையில் எழுதியிருக்கிறது பாரம்மா என்றேன். வாயால் சொல்லவேண்டும், அதுதான் முறை என்றாள். நந்தினிதான் சிரித்துக்கொண்டே "சகாதேவன்" என்றாள்.

கட்டி கெட்ட கட்டி இல்லை என்று வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அண்ணாமலையாருக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனால் கண் விழித்ததும் அவர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது. நரம்பு அறுபடவில்லை, சோர்ந்திருக்கிறது, பயிற்சி செய்தால் சில மாசத்தில் வரலாம் என்றாள் கவிநிலா. வராவிட்டால் என்று கேட்டேன். இதோடு பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்றாள்.

வீட்டுக்கு வந்தோம். வீடா அது? குக்கர் விசில் சத்தம்தான் பெரிய சத்தம். அவர் சும்மா இருப்பாரா, பரண் மேலிருந்து பழைய கண்டக்டர் விசிலைத் தேடி எடுத்தார். ஒரு விசில் அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ. சோறு போடும்போது ஒரு விசில், போதும் என்று அர்த்தம். குழம்புக்கு உப்பு கம்மி என்றால் விடாமல் ஊதுவார். ஒரு நாள் மாமியார் திதிக்கு வந்த ஐயரை இரண்டு விசில் அடித்து அனுப்பி வைத்தார். அன்றைக்கே அதை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன்.

தினமும் ஆ, ஈ, ஊ என்று இழுத்துச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். குழந்தை மாதிரி இதென்ன என்று அவருக்கு வெட்கம். அதற்குப் பதிலாகக் காலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் என்று காற்றாகவே சொல்லிக்கொண்டிருப்பார். சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அழுகை அழுகையாக வரும். சத்தம் வேண்டாம் என்று வாழ்க்கை முழுக்கக் கேட்டவளுக்குக் கடவுள் கொடுத்த வரத்தைப் பார் என்று நினைத்துக்கொள்வேன். அவர் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். என்ன வேண்டும் என்று கடைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்த மனுஷன் வாயை வைத்தே பிழைத்தவர். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தானே தள்ளிக்கொண்டு போனேன் என்று எனக்கு உள்ளுக்குள் அறுத்தது.

அவர் பிழைத்து எழுந்தால் இருவருமாக மலை சுற்றி வருகிறோம் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அடுத்து வந்த பௌர்ணமிக்குக் கிளம்பினோம். மத்தியானமே நடக்க ஆரம்பித்துவிட்டோம். அவர் வேட்டியில் பை கிடையாது, எப்போதும்போல் இரண்டு பேர் செல்போனும் என் பைக்குள். அடி அண்ணாமலையில் உட்கார்ந்து டீ குடித்தோம். கால் வலிக்கிறதா என்று கையைக் காட்டிக் கேட்டார். வலித்தது, இல்லை என்றேன். ஈசானிய லிங்கம் வரும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். கூட்டமான கூட்டம். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுத் திரும்பினேன். பக்கத்தில் ஆள் இல்லை.

"ஏங்க" என்று கூப்பிட்டேன். சுற்றியிருந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அவர் இல்லை. அவரிடம் போன் இல்லை. தொண்டையில் குரலும் இல்லை. இந்த நெரிசலில் கீழே விழுந்தாலும் ஐயோ என்று கத்தக்கூட முடியாதே என்று நினைத்தேன்.

மைக் வைத்திருந்த போலீஸ் பந்தலுக்கு ஓடினேன். பெண் போலீஸ் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். காணாமல் போனவர் பெயர் என்னம்மா என்றாள். பழக்கமாவது மண்ணாவது.

"சகாதேவன்" என்றேன். அவள் காதில் விழவில்லை. "சகாதேவன்! எங்க வீட்டுக்காரர் சகாதேவன்" என்று ஊர் கேட்கக் கத்தினேன்.

அவள் மைக்கைத் தட்டிப் பார்த்து வாயருகே கொண்டு போனாள். அதற்குள் கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைக்கே இல்லாமல் ஒரு குரல் வந்தது.

"கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம்! கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம்!"

கொஞ்சம் கரகரப்பு இருந்தது. இழுக்கிற இழுப்பு அதேதான், 'வனம்' என்று தூக்கி அடிக்கிற அடி அதேதான். போலீஸ்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. இங்கே பஸ் நிறுத்தக் கூடாதென்று சொல்லியிருக்கிறோமே, எந்த கண்டக்டர் அவன் என்றாள்.

"அவர்தாங்க எங்க வீட்டுக்காரர்" என்றேன். அந்த இடத்தில் எனக்கு வந்த பெருமையை என் கல்யாணத்தன்றுகூட நான் பட்டதில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். சாத்தியிருந்த ஒரு கடைப் படிமேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவரைச் சுற்றி மூட்டை முடிச்சோடு ஜனங்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி, பஸ் எங்கே, எப்போது எடுப்பீர்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் படியிலிருந்து இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் பேரைச் சொல்லித்தான் மொதல்ல கத்திப் பாத்தேன், ஜோதி. காத்துதான் வந்துது. அப்புறம் இது தானா வந்துடுச்சு."

நான் அழுதேன், சிரித்தேன், அவர் முதுகில் இரண்டு போடு போட்டேன். அந்தப் பெண் மறுபடியும் பஸ் எங்கே என்றாள். பஸ் இல்லை என்று சொல்கிற ஆளா அவர்? எல்லாரும் பின்னால் வாருங்கள் என்றார். செஞ்சி ரோட்டில் பௌர்ணமிக்குப் போட்டிருந்த தற்காலிக பஸ் ஸ்டாண்டுக்குக் கூவிக்கொண்டே நடந்தார். வழியில் இன்னும் ஆட்கள் சேர்ந்தார்கள். அங்கே நின்ற திண்டிவனம் பஸ்ஸில் கிழவிகளைக் கைகொடுத்து ஏற்றினார், நடுவில் நிற்பவர்களை உள்ளே தள்ளிப் போகச் சொன்னார். அந்த பஸ்ஸின் சொந்தக் கண்டக்டர் கீழே டீ குடித்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவர் பஸ்ஸை இரண்டு தட்டுத் தட்டி, "போலாம், ரைட்!" என்றார். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வண்டியை எடுத்துவிட்டார். டீயைக் கொட்டிவிட்டு அந்தக் கண்டக்டர் ஓடிப்போய் ஏறினார்.

என் பையில் போன் அடித்தது. நந்தினி. மலை சுற்றி முடித்தாயிற்றா என்று கேட்க வந்தவள், பாதியில் நிறுத்தினாள்.

"யாரும்மா அது, பக்கத்துல நின்னு அப்டிக் கத்தறது?"

"உங்கப்பாடி" என்று சொல்லி, போனை அவர் பக்கமாக நீட்டினேன்.