சின்னச்சாமியின் கவனக்குறைவு

ஆனைக்குட்டத்துக்கு மேற்கே அனல் மின்நிலையம் வரப்போகிறது என்றதும் ஊர் கொதித்தது. கண்மாய்த் தண்ணீர் போகும், கரிசல்காடு போகும், சாம்பல் வந்து சோற்றில் விழும். மறியல் செய்தார்கள், மனுக் கொடுத்தார்கள். மனுவை வாங்கி வைத்துக்கொள்வதில் நம் அதிகாரிகளுக்கு இணை கிடையாது.

கடைசியில் ஒரு வக்கீல் வழி சொன்னார். மின்நிலையத்துக்குக் கேட்ட இடத்தை ஒட்டி செந்தூர்பாண்டி முதலாளியின் பட்டாசு ஆலை இருந்தது. உரிமம் உள்ள வெடிமருந்துக் கிட்டங்கி பக்கத்தில் இருக்கும்வரை அங்கே புகைபோக்கி எழுப்ப அனுமதி கிடைக்காது. ஆனால் ஆலை வெடித்து ஆறு பேர் செத்ததிலிருந்து அந்த உரிமம் முடங்கிக் கிடந்தது. முடக்கியது குருவம்மாளின் சாட்சி.

செத்தவர்களில் அவள் புருஷன் சின்னச்சாமியும் ஒருவன். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் சீசன் ஆர்டருக்காகப் பத்துப் பேரை அடைத்திருந்தார்கள் என்று விசாரணையில் சொன்னவள் அவள் ஒருத்திதான். மற்ற வீட்டார் முதலாளி கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள். அதன்பின் எந்தக் கம்பெனியும் அவளை வேலைக்குச் சேர்க்கவில்லை. உண்மை பேசியதற்கு அவளுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

போராட்டக் குழுத் தலைவன் அன்பரசன், சின்னச்சாமியின் சித்தப்பா மகன், அவளைத் தேடி வந்தான்.

"மதினி, மொதலாளி மறுபடி ஆலையைத் தொறக்க ரெடியா இருக்காரு. நீங்க சாட்சியை மாத்திச் சொன்னாப் போதும்."

"எப்படி மாத்தணும்?"

அன்பரசன் தலை குனிந்துகொண்டான். "அண்ணன் கவனமில்லாம மருந்துச் சட்டியைத் தரையில இழுத்துட்டாருன்னு."

அவள் மகள் பொன்மணி அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தாள். "எங்கப்பா இடுப்புல சாவி கூட வச்சுக்கிட மாட்டாரு. உரசிரும்னு பயப்படுவாரு. உங்களுக்குத் தெரியாதா சித்தப்பா?"

"தெரியும்த்தா. செத்தவரு கோவிச்சுக்கிட மாட்டாரு. இருக்குறவங்க பொழைக்கணும்ல."

மறுநாளிலிருந்து பெண்கள் வந்து அழுதார்கள். அவள் சாட்சி சொன்ன நாளில் குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் வந்தார்கள். கண்மாய் போனால் எங்கள் பிள்ளைகள் உன்னைத்தான் பேசும் என்றார்கள். ஊரோடு பகைத்தால் வேரோடு கெடுவாய் என்று ஒருத்தி பழமொழியும் சொன்னாள்.

மறுவிசாரணையில் குருவம்மாள் சொன்னாள்: "தப்பு எங்க வீட்டுக்காரரு மேலதான்யா. மொதலாளி மேல ஒரு குத்தமும் இல்ல."

வெளியே வந்தாள். ஊர் அவளுக்கு மாலை போட்டது. அவள் அதைக் கழற்றி ஆட்டுக்குப் போட்டாள்.

உரிமம் திரும்பி வந்தது. தீபாவளிவரை ஆலை ஓடியது. தை பிறந்ததும் செந்தூர்பாண்டி உரிமத்தைத் தானே ஒப்படைத்துவிட்டு, ஆலையை நிலத்தோடு மின்நிலையக் கம்பெனிக்கு விற்றார். உரிமம் செத்துக் கிடந்தபோது அந்த இடத்தைச் சீந்த ஆளில்லை. வழிமறிக்கும் உயிருள்ள உரிமத்தைச் சாகடிக்கத்தான் கம்பெனி நல்ல விலை கொடுக்கும். இது வக்கீலுக்கும் தோன்றவில்லை, போராட்டக் குழுவுக்கும் தோன்றவில்லை. வியாபாரிக்குத் தோன்றியது.

அன்பரசன் மறுபடி வந்தான். "மதினி, வித்தது செல்லாதுன்னு கோர்ட்டுக்குப் போவோம். நெசத்தைச் சொல்லுங்க."

"எந்த நெசத்தைலே? நான் சொன்னதுக்கு எல்லாரும் மால போட்டீகள்ல, அதுதான் நெசம்."

கம்பெனி ஆள் எடுத்தபோது ஊரில் பாதிப் பேர் போனார்கள். அன்பரசன் அங்கே தண்ணீர் லாரி விட்டான். வேறு கதியில்லாமல் குருவம்மாளும் பொன்மணியும் சித்தாள் வேலைக்குப் போனார்கள். முதல்நாள் காலையில் எல்லார் தலையிலும் மஞ்சள் தொப்பியை மாட்டி வரிசையில் நிறுத்தி, வெளியூர் சூப்பர்வைசர் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்.

"இதே எடத்துல முன்னாடி பட்டாசு ஆலை இருந்துச்சு. ஒருத்தன் கவனமில்லாம மருந்துச் சட்டியைத் தரையில இழுத்தான். ஆறு பேர் கரிக்கட்டையாப் போனாங்க. நான் சும்மா சொல்லலை, அவன் பொண்டாட்டியே ஆபீசர்கிட்ட ஒத்துக்கிட்டா. அவனை மாதிரி யாரும் இருக்கக்கூடாது. புரியுதா?"

"புரியுதுங்க" என்றது கூட்டம். உண்மை தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

குருவம்மாள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. சூப்பர்வைசர் அவளைப் பார்த்துக் கை நீட்டினார். "ஏம்மா, உனக்குப் புரியுதா இல்லையா?"

பொன்மணி அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"புரியுதுங்கய்யா" என்றாள் குருவம்மாள்.

பொன்மணி தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். அதன்பிறகு அவள் தாயோடு பேசவில்லை.