கறுப்பு அட்டைக்குத் தரைத்தளம்

சென்னையில் ஒரு வரிசையைப் பார்த்தால் எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் பத்துப் பேர் நமக்கு முன்னால் போய்விடுவார்கள். முப்பத்தொரு வருடம் சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்தவன் சொல்கிறேன், முதலில் நிற்க வேண்டும், பிறகு கேட்கலாம். இந்தக் கொள்கையால்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என்னைப் போர்க்கப்பலில் ஏற்றினார்கள்.

என் பெயர் டில்லிபாபு. வயது எழுபத்தொன்று. பட்டினப்பாக்கம் கடற்கரையில் சீனிவாசபுரத்தில் இருக்கிறேன். எங்கள் பழைய குடியிருப்பில் கூரை எங்களைத் தாங்குகிறதா, நாங்கள் கூரையைத் தாங்குகிறோமா என்று தெரியாத நிலை. அதனால் பக்கத்திலேயே மூன்று மாடிக்குப் புதிதாகக் கட்டி, யாருக்கு எந்த வீடு என்று குலுக்கல் வைத்தார்கள். லிஃப்ட் உண்டு என்றார்கள். லிஃப்டுக்கான குழி உண்டு என்று சொல்வதுதான் சரி.

என் மனைவி ரத்னாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. ஒரு படி ஏற ஒரு சாமியைக் கூப்பிடுவாள். மூன்றாவது மாடிக்கு ஐம்பத்துநான்கு படி. அவ்வளவு சாமி அவளுக்குத் தெரியாது.

"இன்னா ஆனாலும் கீழ் வூடு வாங்கிக்கினு வா," என்றாள் அன்று காலையில். "மேல வுழுந்துச்சுன்னா நான் ஒரே தபாதான் ஏறுவேன். அப்பறம் நாலு பேரு தூக்கினு வந்துதான் எறக்கணும்."

பள்ளிக்கூட மைதானத்தில் பதினோரு மணிக்குக் குலுக்கல். பெயரைக் கூப்பிடும்போது குடும்பத் தலைவர் ரேஷன் அட்டையோடு எதிரே நின்று சீட்டு எடுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் எல்லோரும் எடுத்து மிஞ்சுகிற வீடுதான். மிஞ்சுவது எப்போதும் மூன்றாவது மாடி. ரத்னா பத்தரைக்கு மெல்ல நடந்து வருவதாகவும், நான் முன்னாலேயே போய் டோக்கன் வாங்கிவிடுவதாகவும் ஏற்பாடு. சட்டைப் பையில் அட்டையோடு கிளம்பினேன். மூக்குக் கண்ணாடியை மட்டும் மறந்துவிட்டேன்.

மைதானத்துக்குப் போகிற வழியில், மணலில், ஷாமியானா போட்டு வரிசை நின்றது. அதற்குப் பின்னால் கடலோரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டடம். நேற்று இல்லாத கட்டடம். மாதிரி வீடு கட்டி வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டேன்.

மேஜையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண், தாரணி என்று பிறகு தெரிந்தது, டாக்டர், ஆளாளுக்கு ஒரு கலர் அட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிளார்க் வைரவன் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். வைரவனை எனக்குத் தெரியும். வீடு ஒதுக்குகிற ஆபீஸ் ஆள். அவரைப் பார்த்ததும் எனக்கிருந்த கடைசிச் சந்தேகமும் போய்விட்டது.

எனக்குப் பச்சை அட்டை எடுத்தார் டாக்டர்.

"பச்சைன்னா இன்னாம்மா?"

"நீங்களே நடந்து மேல ஏறணும் ஐயா."

"அதெல்லாம் வேணாம். ஏற வேணாத கலர் எது?"

"மஞ்சள், சிவப்புன்னா கை கொடுத்து ஏத்துவாங்க."

"சுத்தமா ஏறவே கூடாது. கீழயே இருக்கணும்."

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கறுப்புதான் இருக்கு. கறுப்புன்னா ஒண்ணுமே செய்ய வேண்டாம், கீழயே படுத்துக்கலாம். ஆனா பெரியவங்க யாரும் அதைக் கேட்டு வாங்க மாட்டாங்க. சென்டிமென்ட்."

"எனக்கு அதெல்லாம் கிடையாதும்மா. கறுப்பே போடு."

ஒரு தரைத்தளத்தை இவ்வளவு சுலபமாக உலகத்தில் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். போன், வாட்ச் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு சீல் வைத்தார்கள். அரசாங்கக் காரியம் என்று கொடுத்தேன். ஸ்ட்ரெச்சரில் படுக்கச் சொன்னார்கள். வயசானவர்களுக்கு மரியாதை என்று படுத்தேன். மூன்று பெல்ட் போட்டு இறுக்கினார்கள். அப்போதுதான் லேசாகச் சந்தேகம் வந்தது. அதற்குள் நான்கு சிப்பாய்கள் தூக்கிவிட்டார்கள்.

கிட்டே போனதும் அந்தக் கட்டடம் ஆடியது. அதற்கு மூக்கு இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய இரும்புக் கதவு, மணலில் விழுந்து சாய்வுப் பாதையாகக் கிடந்தது. டாங்கிகளைக் கரையில் கொண்டுவந்து இறக்குகிற கப்பலாம். அடிப்பாகம் தட்டையாக, தோசைக்கல் மாதிரி. அது மணலில் ஏறிய வேகத்தில் பட்டினப்பாக்கத்து டீக்கடை பாய்லர்கள் எல்லாம் ஒரு அடி மேற்கே தள்ளிப்போனதாகக் கேள்வி. நான் அளந்து பார்க்கவில்லை.

உள்ளே, டாங்கி நிற்கிற இரும்புத் தரையில், ஏழு பேரை வரிசையாகக் கிடத்தினார்கள். டீசல் நாற்றம். எனக்குப் பக்கத்து ஸ்ட்ரெச்சரில் நெற்றியில் நாமத்தோடு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

"சார், குலுக்கல் இங்கயா நடக்குது?"

"ஷ்ஷ்," என்றார், கண்ணைத் திறக்காமல். "செத்தவா பேசப்படாது."

"யாரு செத்தா?"

"நாமதான். சுனாமி ஒத்திகை ஓய். பச்சை நடக்கறவா, மஞ்சள் அடிபட்டவா, சிவப்பு ஆபத்துல இருக்கறவா, கறுப்பு போயிட்டவா. நான் மூணு வருஷமா மனு போட்டு இன்னிக்குத்தான் கப்பல்ல ஏறியிருக்கேன். கெடுத்துடாதேள்."

அவர் பெயர் ராமானுஜம். மயிலாப்பூர் கிழக்கு மாட வீதி, ரிட்டயர்டு பேங்க் அதிகாரி. உலகத்துப் போர்க்கப்பல்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

நான் கத்தினேன். "யோவ், நான் சாவல! என்னை எறக்கி வுடு!"

சிப்பாய்கள் இருவர் ஓடிவந்தார்கள். வடக்கத்திப் பிள்ளைகள். ஒருவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, "அச்சா ஆக்டிங்," என்றான். இன்னொருவன் கை தட்டினான்.

சங்கிலி கடகடவென்றது. இரும்புக் கதவு மெல்ல எழுந்து, பட்டினப்பாக்கத்தைக் கீழிருந்து மேலாக மூடிக்கொண்டே வந்தது. முதலில் மணல் போயிற்று. பிறகு ஷாமியானா, பள்ளிக்கூடம். கடைசியாக ஒரு காக்கா.

"மணி இன்னா சார்?"

"கதவு மூடறது பத்து இருபது. அட்டவணை என் பாக்கெட்ல இருக்கு. இப்போ பாருங்கோ, வரும்போதே பின்னால ஒரு நங்கூரம் போட்டுட்டு வந்திருப்பா. அந்தக் கயிறை இழுத்துத் தன்னைத் தானே மணல்லேர்ந்து உருவிக்கும்."

உருவிக்கொண்டது.

"பதினோரு மணிக்கு என் வூடு சார். என் பொஞ்சாதிக்கு முட்டி கெடையாது. அட்டை என் பாக்கெட்டுல கீது."

"அமெரிக்காக்காரா கப்பல் இதைப் போல இல்லை," என்றார் ராமானுஜம். நான் சொன்னது அவர் காதில் விழவில்லை, அல்லது செத்தவர் காதில் விழக் கூடாது என்று வைத்திருந்தார். "அவாளோடதுல போர் விமானம் ஓடாமலே நேரா மேல எழும்பும். பிரெஞ்சுக்காராளோடதுல அறுபத்தொன்பது படுக்கை ஆஸ்பத்திரி. ரஷ்யாக்காரா ஹோவர்கிராஃப்ட் ஒண்ணுல மூணு டாங்கி போகும், தெரியுமோ?"

"நைனா, ரஷ்யாக்காரன் முப்பது டாங்கி வேணா ஏத்திக்கட்டும். நீ ஒரு குரல் குடு, இந்த ஆள் தப்பா வந்துட்டான்னு. உனக்குத்தான் இங்கிலீஷ் வருமே."

"எப்படி ஓய் குரல் கொடுக்கறது? நானும் கறுப்பு."

அவர் மேல் கோபிக்க முடியவில்லை. மூன்று வருடம் மனு போட்டவர்.

நான் போட்ட கூச்சலில் கடைசியில் கப்பல் கேப்டனே இறங்கி வந்தாள். முப்பது வயசு இருக்கும். மெஹக் என்று சட்டையில் எழுதியிருந்ததை ராமானுஜம் ஒரு கண்ணைத் திறந்து படித்துச் சொன்னார். ஹிந்தியில் திட்டப்போகிறாள் என்று பயந்தேன்.

"இன்னா நைனா, செத்தவன் இம்மாம் சவுண்டு உடுறே?" என்றாள்.

"யம்மா! நீ எந்த ஊரு?"

"ராயப்பேட்டை. பெரிய மசூதி பின்னால. சொல்லு."

சொன்னேன். பெல்ட்டை அவளே அவிழ்த்துவிட்டாள். குந்தி உட்கார்ந்து முழுசாகக் கேட்டாள். ரேஷன் அட்டையை எடுத்துக் காட்டினேன், அதில் ரத்னாவின் போட்டோவையும்.

"திருப்பு தாயி. ஆட்டோ யூ டர்ன் அடிக்கற மாதிரி."

"முடியாது நைனா. இப்ப தண்ணி எறங்கிக்கினு கீது. நான் மறுபடியும் கரைல போய் ஏறினா அங்கயே குந்திடுவேன். அடுத்த ஏத்தம் ராத்திரி பத்துக்குத்தான். உன் வூட்டுக்காக கப்பலை மணல்ல உட்டுட்டா, அப்பறம் எனக்கு வூடும் இல்ல, கப்பலும் இல்ல. இது என் மொத கப்பல்."

"போனாவது போடு."

"நம்பர் சொல்லு."

அங்கேதான் நான் தோற்றேன். ரத்னாவின் பெயரைத் தொட்டால் போதும், போன் போகும். நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளின் நம்பர் எனக்குத் தெரியாது. போன் இருந்த பை கரையில். மெஹக் ரேடியோவில் இரண்டு முறை கரையைக் கூப்பிட்டாள். கரையில் எல்லோரும் காயம்பட்டவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். செத்தவரைப் பற்றிக் கேட்டால், லிஸ்டில் இருக்கிறார், சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது.

"ரெண்டு மணிக்கு பெரிய கப்பல்லேர்ந்து ஹோவர்கிராஃப்ட் கரைக்குப் போவுது," என்றாள். "அதுக்கு ஏத்தம் எறக்கம் கெடையாது. அதுல உன்னை ஏத்தி உடுறேன். அதுக்கு மேல என்னால ஒண்ணும் ஆவாது, நைனா."

பெரிய கப்பல் என்றால் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. திமிங்கிலம் வாயால் விழுங்கும். இது பின்பக்கத்தால் விழுங்கியது. வயிற்றுக்குள் வேண்டுமென்றே கடல் தண்ணீரை விட்டுக்கொண்டு, பின்கதவைத் திறந்து, எங்கள் கப்பலை ஆளோடு, டீசலோடு, ஏழு பிணத்தோடு உள்ளே வாங்கிக்கொண்டது. கதவு மூடியது. மேலே கூரையில் டியூப்லைட். கப்பலுக்குள் கப்பல், அதற்குள் நான், எனக்குள் பதினோரு மணி.

"அட்டவணைப்படி இப்போ பதினொண்ணு அஞ்சு," என்றார் ராமானுஜம். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சந்தோஷத்தில்தான்.

எனக்கும் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் இப்போது என் பெயரைக் கூப்பிடுவார்கள். ரத்னா ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு, அட்டை இல்லாமல் நிற்பாள். அவளால் ஓடிப்போய்த் தேடவும் முடியாது.

இரண்டு மணிக்கு ஹோவர்கிராஃப்ட் கிளம்பியது. ரப்பர் பாவாடை கட்டிய பெரிய மின்விசிறி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கரையேறியபோது எழும்பிய மணல் சாந்தோம் வரை வீடுகளில் சாம்பாரில் விழுந்தது. நான் அந்த மணலுக்குள்ளேயே ஓடினேன்.

மைதானத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ரத்னா ஒரு மரத்தடியில் கல்லில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு காகிதம்.

"எங்கய்யா போய்த் தொலைஞ்சே?" என்றாள். பிறகு அழுதாள். பிறகு காகிதத்தை நீட்டினாள். தரைத்தளம், நான்காம் எண் வீடு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சொன்னாள். என் பெயரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். காலையில் ஒத்திகைக்குப் பெயர் எழுதிய அதே வைரவன்தான் குலுக்கல் மேஜையிலும் உட்கார்ந்திருக்கிறார். "டில்லிபாபுவா? எழுபத்தொண்ணு? அவரு இறந்துட்டாரு, காலையில நான்தான் எழுதினேன்," என்று லிஸ்டைக் காட்டியிருக்கிறார். கணவனை இழந்தவர்களுக்குக் குலுக்கல் கிடையாது, நேராகத் தரைத்தளம்.

"எனக்கு மயக்கமே வந்துச்சு. கடலோரம் அட்டை மாட்டின டாக்டரம்மாதான் வந்து, சும்மா செத்தது, சாயங்காலம் வந்துடுவாருன்னு சொல்லிச்சு. அதுக்குள்ள இவங்க பாரம் எழுதிட்டாங்க. கையெழுத்து போடுன்னாங்க."

"போட்டியா?"

"போடாம? ஐம்பத்துநாலு படிய்யா."

நான் அவள் முட்டியைப் பார்த்தேன். பிறகு வைரவனிடம் போய், நான் உயிரோடு இருப்பதைத் தெரிவித்தேன். அவர் கெட்டவர் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"பெரியவரே, நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எழுதித்தர எனக்கு ரெண்டு நிமிஷம். ஆனா எழுதினா இந்த ஒதுக்கீடு ரத்து. மூணாவது மாடி ஒண்ணுதான் மிச்சம். எழுதட்டுமா?"

திரும்பிப் பார்த்தேன். ரத்னா கல்லிலிருந்து எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தாள். இரண்டு முறை எழுந்து இரண்டு முறை உட்கார்ந்தாள்.

"வேணாம்," என்றேன்.

இப்போது நான்காம் எண் வீட்டில்தான் இருக்கிறோம். நல்ல வீடு. கடல் காற்று வரும். வாசலில் ரத்னா பெயர் மட்டும். ரேஷன் அட்டையில் நான் இல்லை. போன தேர்தலில் என் ஓட்டைக் காணோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒதுக்கிய ஆள்தான் குடியிருக்கிறாரா என்று பார்க்க ஆபீசிலிருந்து வருவார்கள். ரத்னா என் போட்டோவுக்கு மாலை போடுவாள். நான் ஐம்பத்துநான்கு படியும் அதற்கு மேல் பதினெட்டும் ஏறி மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன்.

நேற்றும் வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கைப்பிடிச் சுவரில் தலையை நீட்டி, "போய்ட்டாங்களா?" என்று கேட்டேன்.

கீழே வாசலில் ரத்னா இரண்டு நாற்காலி போட்டு அவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணாந்து பார்க்காமல், காற்றைப் பார்த்து, "காக்கா கத்துது சார், நீங்க குடிங்க," என்றாள்.