எவ்வளவு தூரத்தில் நிற்கலாம்

செழியன் கண்ணாடி மேசைமேல் இரண்டு லென்சை எடுத்து வைத்தான். கள்ளக்குறிச்சியில் கல்யாண போட்டோ எடுப்பவர்களுக்குக் கேமராவும் லென்சும் வாடகைக்கு விடுகிற கடை அவனுடையது. கூட வந்திருந்த என் மகள் சந்தியாவுக்கும் கல்யாண போட்டோ எடுக்கிற தொழில்தான். கடைக்காரன் இரண்டு பொருளை எடுத்து வைத்தால், எதை நம் தலையில் கட்டுவது என்று முன்பே முடிவு செய்திருப்பான். அதனால் நான் லென்சைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தேன்.

ஒன்று குட்டை, வாய் அகலம். எழுபது இருநூறு என்று ஏதோ லென்சு அளவு சொன்னான். மற்றது நீளம், மண்வெட்டி கனம் இருந்தது. நூற்றைம்பது அறுநூறாம்.

"எங்க எடுக்கப் போறீங்க? மண்டபமா?"

"ஏரி," என்றேன்.

எங்கள் ஊர் ஏரியில் பத்து லோடு மண்ணுக்கு அனுமதி வாங்கிய ஒருவன் இரண்டு மாதமாக டிப்பர் விட்டு அள்ளுகிறான். பள்ளம் மதகுக்குக் கீழே போய்விட்டது. இனி மலைத் தண்ணீர் வந்தாலும் என் கழனிக்கு ஏறாது. தாலுகா ஆபீசில் புகார் கொடுத்தால், ஏரிக்குள் மண்ணோடு வண்டி நிற்கிற மாதிரி, நம்பர் தெரிகிற போட்டோ வேண்டுமாம். போன வாரம் சந்தியா செல்போனோடு கிட்டே போனாள். அவன் வைத்திருக்கிற தடியன் ஒருவன் போனைப் பிடுங்கிக் குட்டையில் எறிந்து, அவளையும் கீழே தள்ளினான். முழங்கைக் காயம் இன்னும் ஆறவில்லை.

செழியன் குட்டை லென்சைத் தட்டினான். "இதாங்க சரி. வெளிச்சம் நெறைய வாங்கும். விடியறதுக்கு முன்னயே புடிக்கும்."

"எவ்ளோ தூரத்துல நிக்கணும்?"

"கரை மேல கருவேலம் புதர் இருக்குதே, அங்க நின்னா போதும்," என்றாள் சந்தியா.

"அங்கயா? அவன் பீடி பத்த வெச்சா ஒனக்கு இருமல் வரும்."

இரண்டையும் கேமராவில் மாட்டச் சொல்லி, கடை வாசலில் நின்று பஸ் நம்பர்களைப் படித்துப் பார்த்தேன். எழுத்துதான் எனக்குத் தகராறு, நம்பர் படிப்பேன். குட்டை லென்சில் தெருமுனை வரைதான் தெரிந்தது. நீள லென்சில் அதற்கும் அப்பால் நின்ற வண்டி கைக்கு எட்டுகிற மாதிரி வந்தது.

"நீட்டமே குடுப்பா. ஏரிக்கு அக்கரையில மொட்டப்பாறை மேல நின்னு எடுக்கட்டும்."

"அப்பா, அது விடிஞ்சாதான் வேலைக்கு ஆவும். அவனுங்க கடைசி லோடு அஞ்சே முக்காலுக்கே போயிடுது. அந்த இருட்டுல ஓடுற வண்டிய எடுத்தா நம்பர் கலங்கிப் பூடும்."

"நின்ன வண்டி?"

"நின்னா ஸ்டாண்டு போட்டு எடுக்கலாம். அவன் எங்க நிக்கிறான்?"

"நீட்டம்தான்."

"லென்சப் பத்தி இன்னா தெரியும் ஒனக்கு?"

"ஒன் முழங்கையப் பத்தித் தெரியும்."

செழியன் சிரித்துக்கொண்டே ஸ்டாண்டையும் எடுத்துக் கொடுத்தான். சும்மா கொடுப்பவன் முகமாக அது இல்லை.

மறுநாள் விடியுமுன் அவள் பாறைக்குப் போனதும், என் பன்னிரண்டு ஆட்டையும் ஓட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினேன். வண்டி மேலே ஏறுகிற பாதை ஒன்றுதான். இரண்டு பக்கமும் முள். ஆடுகளை அதில் விட்டுவிட்டு நடுவே நின்றேன். தடியன் முந்தின வண்டியிலேயே போய்விட்டான். கடைசி டிப்பர் என் மார்புக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"யோவ் பெருசு! சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"ஆரன் அடிக்காத. சினை ஆடு மிரளும்."

ஓட்டி வந்தவன் திட்டிக்கொண்டே இறங்கினான். சின்ன வயசு, காலில் செருப்பு இல்லை. அடிப்பான் என்று உடம்பை இறுக்கிக்கொண்டேன். அவனோ வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்ட சினை ஆட்டைப் பார்த்துவிட்டு, ஊர்ந்து போய் அதைப் பின்பக்கமாக வெளியே எடுத்தான். வயிற்றைத் தடவினான்.

"எத்தினி மாசம்?"

"நாலு முடிஞ்சுது."

"இதப் போயி இந்த நேரத்துல ஓட்டிக்கினு வந்திருக்கியே, அறிவு இருக்கா? வூட்ல கட்டுய்யா."

மற்ற ஆடுகளையும் அவனே ஒவ்வொன்றாக விலக்கினான். அதற்குள் கல்வராயன் மலை உச்சியில் வெயில் விழுந்துவிட்டது.

சந்தியா வீட்டுக்கு வந்ததும் கேமராவைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏன்ப்பா சொல்லாம போன?"

"சொன்னா வுட்டிருப்பியா?"

"வண்டிக்கு முன்னால போன. அப்புறம் ஒன்னக் காணோம். வண்டி முதுகுதான் தெரியுது. நீ இருக்கியா இல்லையான்னே தெரியல."

"அப்புறம் எப்படி எடுத்த?"

"நீ எதுக்கு வண்டிய மறிச்சன்னு தெரிஞ்சுதே. அழுதுக்கினே எடுத்தேன்."

படத்தைக் காட்டச் சொன்னேன். நம்பர் பளிச்சென்று இருந்தது. பின்கதவு இடுக்கில் ஈர மண் ஒழுகுவது கூடத் தெரிந்தது. அடுத்த படத்தில் அந்த டிரைவர் ஆட்டைத் தூக்கிக்கொண்டு நிமிர்கிறான். முகத்து வேர்வை வரைக்கும் தெரிகிறது.

"இத அழி."

"மூஞ்சி இருந்தா கேசு கெட்டியா நிக்கும்ப்பா."

"வண்டி அவனுதா? மண்ணு அவனுதா?"

அவள் அழிக்கிற பொத்தானில் விரலை வைத்தாள். "வண்டியப் புடிச்சா அவன் வேலையும்தானே போவும்?"

"போவும்," என்றேன். "ஏரி வேணும், இன்னா பண்றது? ஆனா ஜெயிலுக்குப் போறவன் அவனா இருக்க வேணாம்."

அழித்தாள். நிஜமாகவே அழித்தாளா என்று இன்னொரு தரம் காட்டச் சொன்னேன்.