பச்சைப் பிசுக்குக்கு அடியில்

கணவர் போய் இரண்டு மாதம் ஆகியும் அவருடைய மேசை டிராயரைத் திறக்க அவளுக்குத் தெம்பு வரவில்லை. கொழுந்தன் போன் மேல் போன் போட்டு நச்சரித்ததால்தான் திறந்தாள். டிராயர் சாவி அவருடைய ஆஸ்பத்திரிப் பையில் இருந்தது. உயிரோடு இருந்தவரை அதை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை.

உள்ளே அவர் உயிராக வைத்திருந்த பழைய வெள்ளிக்காசு. அதை நிபுணர்களுக்கு அனுப்பினால் தரம் பார்த்து, மதிப்பெண் போட்டு, பெட்டியில் அடைத்து முத்திரை வைத்துத் தருவார்கள். "அது ஒண்ணு மட்டும் நடந்துட்டா போதும்" என்று படுத்த படுக்கையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

காசின்மேல் பச்சையாக ஒரு பிசுக்கு. மட்டமான பிளாஸ்டிக் உறையில் வருஷக்கணக்காகக் கிடந்ததன் பலன். அதோடு அனுப்பினால் தரம் போடமாட்டார்கள்.

பிசுக்கைக் கரைக்கக் கொழுந்தன் அசிட்டோன் பாட்டிலோடு வந்தார்.

"நகப்பூச்சு அழிக்கிறது வீட்டுலயே இருக்கே தம்பி, போதாதா?"

"ஐயோ அண்ணி! அதுல எண்ணெய், வாசனைன்னு கண்டதும் கலந்திருக்கும். அண்ணன் கேட்டிருந்தா வீடு ரெண்டாயிருக்கும்."

ஆகத்தான் செய்திருக்கும். ஒருமுறை தூசி துடைக்கும் துணியோடு மேசைப் பக்கம் போனதற்கே இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. காசைத் துடைப்பதும் கழுத்தை அறுப்பதும் ஒன்று என்பார். முப்பது வருஷமாக அதே பாட்டு.

ஜன்னலைத் திறந்து வைத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் காசை ஊறப்போட்டார்கள். தேய்க்கக் கூடாது, சும்மா காத்திருக்க வேண்டும். காத்திருப்பது மட்டும் அவளுக்கு நன்றாகப் பழகியிருந்தது. பிசுக்கு கரைந்து போனதும் புது அசிட்டோனில் இன்னொரு முக்கு முக்கி உலரவிட்டார்கள்.

கொழுந்தன் பூதக்கண்ணாடியை வைத்துக் காசை விளக்கடியில் சாய்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"கீறலா இருக்கு அண்ணி. யாரோ துணியால தேய்ச்சிருக்காங்க. இனி மதிப்பெண் வராது. 'துடைக்கப்பட்டது'ன்னு மட்டும்தான் எழுதுவாங்க." கொஞ்சம் தயங்கினார். "நீங்க எப்பவாவது, தெரியாம..."

கோபப்படக்கூட அவளிடம் தெம்பில்லை. கையை நீட்டிக் காசை வாங்கிப் பார்த்தாள். மயிரிழைக் கோடுகள், வட்டம் வட்டமாக. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. தினமும் பார்த்ததுதான்.

எழுந்து போய் அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்தாள். ஹா என்று ஊதி, கைக்குட்டை நுனியைக் கட்டைவிரலில் சுற்றி, சுழற்றிச் சுழற்றித் துடைப்பாரே, அந்தக் கண்ணாடி.

"இதையும் வெச்சுப் பாருங்க."

கொழுந்தன் பார்த்தார். காசைப் பார்த்தார். திரும்பவும் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார். இரண்டிலும் அதே வட்டக் கோடுகள்.

"அண்ணனா?"

"சாவி வேற யார்கிட்ட இருந்துச்சு? ஆசை தாங்கல போல. பளபளன்னு ஒரு தடவை பார்த்துடணும்னு."

கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அனுப்ப வேணாம். உள்ளயே வெச்சிடலாம்."

"அனுப்புங்க தம்பி," என்றாள் அவள். "அவர் கேட்டது பெட்டியும் முத்திரையும்தானே, வரட்டும். முப்பது வருஷம் என்னைத் திட்டினாரு. துடைச்சது யாருன்னு நமக்குத் தெரியும். துடைச்சதுன்னாவது அவங்க எழுதிக் கொடுக்கட்டும்."

படிவத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயரையே எழுதினாள். பிறகு கிண்ணத்தைக் கழுவக்கூட எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.