அரைச்சுரம்

பியானோ அறைச் சாவியை மகள் மூன்றாவது முறையாகக் கேட்டபோதும் சித்தி நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த நாற்காலியையே திரும்பத் துடைத்தாள்.

"சித்தி, நான் சுவத்துகிட்டயா பேசறேன்? அப்பாவோட இசைக்குழுத் தலைவர் கிளம்பிட்டாராம். கூட ரெண்டு வயலின்காரங்க வராங்க. அப்பாவ எடுக்கறதுக்கு முன்னாடி அவர் பியானோவிலயே அவர் பாட்ட வாசிக்கப்போறாங்க. நான் சரின்னு சொல்லிட்டேன்."

"அத வேண்டாம்னு சொல்லிடும்மா."

"ஏன்?"

"வேண்டாம்."

கூடத்தின் நடுவில் கழுத்துவரை வெள்ளைப் போர்வையோடு அப்பா கிடந்தார். ஓட்டலில் சாப்பிட வருகிறவர்களுக்காகப் பியானோ வாசித்து வாழ்க்கையைத் தொடங்கியவர். எழுதிய முதல் இசை நாடகம் மண்ணைக் கவ்வியது. இரண்டாவது சிம்பொனி ஊரையே எழுந்து நின்று கை தட்ட வைத்தது. வாத்தியக்காரர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் பாம்புக்காது. மேடை நிறைய ஆட்கள் வாசிக்கும்போது பின்வரிசையில் ஒரு தந்தி நழுவினாலும் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். வீட்டில் தட்டு விழுந்தால், அது என்ன சுரம் என்று சொன்ன பிறகுதான் போட்டது யார் என்று கேட்பார். பேர், புகழ், பிழைப்பு எல்லாமே அந்தக் காதுதான்.

அப்படிப்பட்டவரைத்தான் இவள் வீட்டுக்குள் போட்டுப் பூட்டினாள் என்பது மகளின் கணக்கு. அம்மா போன பிறகு அப்பா கட்டிக்கொண்டவள். கச்சேரி மண்டப வாசலில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தவள். கடைசி மூன்று வருடங்களில் அப்பா ஒரு கச்சேரிக்கும் போகவில்லை. ரேடியோவைக் காணோம். இசைத்தட்டெல்லாம் பரணுக்குப் போய்விட்டது. பழைய நண்பர்கள் வந்தால் வாசலோடு சரி. "அவருக்கு இப்பல்லாம் பிடிக்கறதில்ல," என்பாள் சித்தி. பாட்டுப் பிடிக்காதாம், அப்பாவுக்கு!

இதெல்லாம்கூடப் போகட்டும். அந்தச் சுருதிக்காரர் விஷயம்தான் மகளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர் வருடத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை வருவார். இவர் மாதம் தவறாமல் வந்தார். அதுவும் அப்பா முடிவெட்டப் போகும் நேரம் பார்த்து. ஒருநாள் மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தபோது இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

இப்போதும் வந்தார். கையில் தோல் பை. அப்பாவின் காலடியில் ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்து சித்தியைப் பார்த்தார். சித்தி துணியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே நடந்தாள். அவர் பின்னாலேயே போனார். பூட்டுத் திறந்தது, கதவு சாத்திக்கொண்டது.

பொணம் கூடத்துல கிடக்கும்போதேவா? மகளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவள் எழுந்து போவதற்குள் வாசலில் குழுத் தலைவர் வந்துவிட்டார். கட்டிப்பிடித்து அழுதார். வயலின்காரர்கள் பெட்டியைத் திறந்தார்கள். "இதோ வந்துடறேன்," என்று அவரை உட்கார வைத்துவிட்டு மகள் விறுவிறுவென்று போய் அந்தக் கதவைத் தள்ளினாள்.

பியானோவின் மூடி திறந்திருந்தது. சுருதிக்காரர் அதற்குள் தலையை விட்டிருந்தார். சித்தி பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எடுக்கறீங்க அதுலேர்ந்து?"

சுருதிக்காரர் நிமிர்ந்தார். அவர் பதில் சித்திக்குத்தான் போனது. "முடியாதும்மா. முழுசா ஏத்த ரெண்டு மூணு நாள் வேணும். இப்ப அவசரத்துக்கு முறுக்கினா கம்பி அறுந்துடும்."

"என்னத்த ஏத்தறது? யாராவது வாயத் திறந்து சொல்லுங்க!"

கூடத்தில் வயலின்காரர் சுருதி சேர்க்க ஆரம்பித்திருந்தார். ஒரே சுரம், நீளமாக. சிறு வயதில் அந்தச் சுரத்தைப் பியானோவில் அழுத்திக் கொடுப்பது அவள் வேலை. அப்பா மடியில் உட்காரவைத்துச் செய்யச் சொல்வார். விரல் தன்னால் போய் அந்தக் கட்டையை, கூடத்துக்குக் கேட்காத அளவுக்கு மெல்ல அழுத்தியது.

சேரவில்லை. பியானோ அரைச்சுரம் கீழே இருந்தது. பக்கத்துக் கட்டை, அதற்கடுத்தது, எல்லாமே அப்படித்தான் இருந்தன.

சித்தி கதவைச் சாத்தினாள்.

"அவர் காது ஏறிப்போச்சும்மா," என்றாள். "எத வாசிச்சாலும் ஒரு படி மேல கேட்டுச்சு. வயசானா சில பேருக்கு அப்படி ஆகுமாம். பியானோ கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அதப் போட்டு அடிச்சு அழுதாரு. ரேடியோ வச்சா காதப் பொத்திக்கிட்டு ஓடுவாரு. காதுதான் கெட்டுச்சுன்னு நான் எந்த வாயால சொல்ல? ஆமா, பியானோதான்னு சொல்லிட்டேன். அவர் காதுக்குச் சரியா கேக்கற மாதிரி இவரு சுருதிய இறக்கிக் கொடுத்தாரு. கம்பி நிக்க மாட்டேங்குது, அதான் மாசாமாசம்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"இறக்கின அன்னிக்கு உக்காந்து வாசிச்சாரு. 'இப்ப சரியாயிடுச்சு'ன்னாரு. என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு." சித்தி டார்ச்சை அணைத்தாள். "நான் மேல கேக்கல."

மகள் அழவில்லை, வெட்கமாக இருந்தது. கூடத்திலிருந்து தலைவரின் குரல் கேட்டது. "வரலாமாம்மா?" கட்டையில் கை வைத்த மறுகணமே அவருக்குத் தெரிந்துவிடும். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

அவள் பியானோவை மூடினாள். மூவரும் வெளியே வந்ததும் சித்தியிடமிருந்து சாவியை வாங்கிக் கதவைப் பூட்டினாள். சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

"சாவி கிடைக்கலைங்க. வயலின் மட்டும் வாசிச்சுடுங்க."

தலைவர் அவள் தோளுக்கு மேலாகச் சித்தியையும் தோல் பைக்காரரையும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "உங்க சித்திதான் ஒளிச்சு வச்சிருப்பாங்க. இங்க என்னமோ சரியில்லம்மா. எங்களையெல்லாம் அண்டவே விடல. எதுக்கும் எச்சரிக்கையா இருங்க."

"அவங்க இல்லைங்க," என்றாள் மகள். "நான்தான் தொலச்சேன்."

அவர் நம்பாமல் வயலின்காரர்களுக்குத் தலையசைத்தார்.

அப்பாவின் பாட்டு எழுந்தது. ஊரை எழுந்து நிற்க வைத்த அதே சிம்பொனியின் மெதுவான பகுதி, எழுதிய சுருதியில். சித்தி சட்டென்று தலைமாட்டுக்குப் போனாள். குனிந்து, போர்வையை மேலே இழுத்து அவர் காதுகளை மூடினாள்.

இடது பக்கம் போர்வை சரிந்தது. மகள் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து அதை இழுத்துவிட்டாள். பாட்டு முடியும்வரை கையை எடுக்கவில்லை.